ஒரு தடவைதான் கேட்பாள்

அவள் பெயரை எழுதப் போவதில்லை. எழுதட்டுமா என்று நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்றோ வேண்டாம் என்றோ ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பாள், அதோடு பேச்சு முடிந்திருக்கும். எங்கள் தெருவில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கிடையாது. தெருவுக்கு அவள் வெள்ளைக்காரம்மா. என் மாமியாருக்கு மாடிப் பொண்ணு. கேம்ப் ரோடு ஆட்டோக்காரர்களுக்கு ஸ்வீடன் மேடம். ஸ்வீடன் எங்கே இருக்கிறது என்று அவர்களைக் கேட்டால் ஸ்விட்சர்லாந்துக்குப் பக்கத்து ஊர் என்பார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், வேளச்சேரிப் பக்கமெல்லாம் கண்ணாடிக் கட்டடங்களாக முளைத்துக்கொண்டிருந்த வருடங்கள். சேலையூரில் எங்கள் வீட்டு மாடியில் அவள் ஒன்றரை வருடம் குடியிருந்தாள். இருபத்தாறு வயது. அவர்கள் ஊரில் வீடெல்லாம் மரத்தில்தான் கட்டுவார்களாம். அந்த வீடுகளுக்கு இங்கே வேளச்சேரியில் ஓர் ஆபீஸில் உட்கார்ந்து நம் பிள்ளைகள் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதைச் சரிபார்க்கத்தான் இவளை அனுப்பியிருந்தார்கள். அடையாறில் ஃபிளாட் பார்த்துத் தருகிறோம் என்று ஆபீஸில் சொன்னார்களாம். மனுஷர்கள் நடமாடுகிற தெருவாக இருக்க வேண்டும் என்று சொல்லி இவள் சேலையூருக்கு வந்து சேர்ந்தாள்.

நான் அப்போது அந்த வீட்டு மருமகள். கணவர் மஸ்கட்டில். நான், மாமனார், மாமியார், எல்.கே.ஜி. போகிற என் மகள், அவ்வளவுதான் வீடு. நான் டிப்ளமா சிவில் படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் குரோம்பேட்டையில் ஒரு இன்ஜினியரிடம் ஒரு வருடம் கம்ப்யூட்டரில் வீட்டு பிளான் போட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணத்தோடு அது நின்றது. நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. போயேன் என்றும் யாரும் சொல்லவில்லை. தோசைக்கு மாவு அரைக்கும்போதுகூட எனக்குக் கோடுகள்தான் கண்ணில் ஓடும். மறுபடியும் வேலைக்குப் போக வேண்டும் என்கிற ஆசை தொண்டை வரைக்கும் இருந்தது, வாய்க்கு வரவில்லை.

அவள் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கீழே சாப்பிடக் கூப்பிட்டோம். இலை போட்டு, கறிக்குழம்பு, ரசம் எல்லாம் வைத்து அத்தை பரிமாறினார். குழம்பிலிருந்து ரசத்துக்கு வந்தபோது, "இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுமா?" என்று அத்தை கேட்டார். வேண்டாம் என்றாள். அத்தை போட்டார். தட்டில் விழுந்ததை வீணாக்கக் கூடாது என்று அவளை வளர்த்திருக்கிறார்கள் போலிருக்கிறது, கஷ்டப்பட்டுத் தின்று முடித்தாள். மறுபடி கேட்டார். வேண்டாம் என்றாள். மறுபடி போட்டார். மோருக்கு வரும்போது அந்தப் பெண்ணின் கண்ணில் தண்ணீர் நின்றது. காரத்துக்கு என்று அத்தை நினைத்துக்கொண்டார்.

மறுநாள் துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போன என்னை நிறுத்தி அவள் கேட்டாள். அவள் ஆங்கிலத்தில் கேட்டதைத்தான் நம் தமிழில் எழுதுகிறேன். "போடறதுன்னு முடிவு பண்ணிட்ட அப்புறம் உன் மாமியார் எதுக்கு என்கிட்ட கேக்கறாங்க?"

நான் கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டேன். அதுவரைக்கும் நான் அதை யோசித்ததே இல்லை.

அவளுடைய குணமே அதுதான். ஒரு கேள்வியை ஒரு தடவைதான் கேட்பாள். நாம் என்ன சொன்னோமோ அதுதான் நம் பதில். அதற்கு அடியில் இன்னொரு பதில் ஒளிந்திருக்கும், இன்னொரு தடவை கேட்டால் அது வெளியே வரும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. சின்ன வயதிலேயே இதற்கென்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்களோ என்னவோ.

பதிலுக்கு அவள் எங்களை மாடிக்குக் கூப்பிட்டாள். மூன்று பேரும் போனோம். அன்றைக்கு அவள் அடுப்புப் பெட்டியில் ஏதோ பன் சுட்டிருந்தாள். ஏலக்காய் வாசனை மாடிப்படி வரைக்கும் வந்தது. அவர்கள் ஊரில் பன்னுக்கு ஏலக்காய் போடுவார்களாம். "என்னடி இது, பாயசம் வெக்கறாளா?" என்று அத்தை என் காதில் கேட்டார். மாமாவுக்குக் காபி என்றால் உயிர். வாசனை பிடித்துக்கொண்டே படியேறினார்.

"காபி சாப்பிடறீங்களா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் எதுக்கும்மா, இப்பத்தான் குடிச்சிட்டு வந்தோம்" என்றார் மாமா.

"பன்?"

"வேணாம்மா, வயிறு ஃபுல்லா இருக்கு" என்றார் அத்தை.

சரி என்று தலையாட்டிவிட்டு அவள் தனக்கு மட்டும் ஒரு பெரிய கோப்பையில் கறுப்புக் காபி ஊற்றிக்கொண்டு, ஒரு பன்னை எடுத்துக் கடித்துக்கொண்டு, எங்கள் எதிரில் உட்கார்ந்து சிரித்த முகமாகப் பேச ஆரம்பித்தாள். மாமா அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, இருமுகிற மாதிரி நடித்தேன். கீழே இறங்கி வந்ததும் மாமா சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"ஒரு பேச்சுக்கு வேணாம்னு சொன்னா அப்படியே எடுத்துக்கறதா? என்ன பொண்ணு இது!"

மாமா கெட்டிக்காரர். அடுத்த தடவையிலிருந்து அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே "வேணும்" என்றுவிடுவார். "வெக்கமே இல்லையா உங்களுக்கு?" என்று அத்தை இடுப்பில் இடிப்பார். அத்தைக்கு மட்டும் கடைசி வரைக்கும் அந்த வார்த்தை வாயில் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் வேணாம்மா என்பார், சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் அங்கேயே நிற்பார். ஒன்றரை வருடத்தில் அந்த ஏலக்காய் பன்னை அத்தை ருசி பார்த்ததே இல்லை.

தெருவுக்கு அவள் நல்ல பொழுதுபோக்கு. சித்திரை வெயிலில், காக்காய்கூட நிழல் தேடுகிற நேரத்தில், மொட்டைமாடியில் பாயை விரித்துக் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பாள். "மயக்கம் கியக்கம் போட்டுடப் போவுது, போய்ப் பாரு" என்று எதிர்வீட்டு அக்கா என்னை அனுப்புவார். டிசம்பர் முழுக்க சன்னலில் மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பாள். அவர்கள் ஊரில் அந்த மாதத்தில் பிற்பகல் மூன்று மணிக்கே இருட்டிவிடுமாம். ரோட்டில் போகிறவர்களுக்கு ஒரு வெளிச்சம் இருக்கட்டும் என்று வைப்பார்களாம். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவில் நாலு வீட்டில் கரண்ட் போய்விட்டதா என்று ஃபியூஸை இழுத்துப் பார்த்தார்கள்.

ஆபீஸ் அவர்கள் ஊர் நேரத்துக்கு நடந்ததால் காலையில் அவளுக்கு நேரம் இருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பல்லாவரம் சந்தைக்குக் கிளம்பிவிடுவாள். மொழிபெயர்க்க நான். கறிவேப்பிலை வாங்கி வருகிறேன் என்று அத்தையிடம் சொல்லிவிட்டுப் பின்சீட்டில் ஏறிக்கொள்வேன். அந்தச் சந்தையில் புறாவிலிருந்து பூந்தொட்டி வரைக்கும் கிடைக்கும். இவளுக்கு வேண்டியது பழைய தாழ்ப்பாள். பித்தளைத் தாழ்ப்பாள், கதவுக் கைப்பிடி, சன்னல் கொக்கி. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பழைய பித்தளைச் சாமான் விற்கிற ஒரு பாய் அவளுக்கு ரொம்ப சிநேகம்.

ஒரு நாள் பாய் சொன்னார், "இன்னாம்மா, எப்ப பாத்தாலும் கடையாண்டயே வந்துகினு கீறியே. ஒரு நாளிக்கு நம்ம வூட்டுக்கு வாம்மா. எங்க வூட்ல பிரியாணி செஞ்சா தெரு மணக்கும்."

நான் மொழிபெயர்த்தேன். "என்னைக்கு?" என்று கேட்டாள்.

"எப்ப வோணா வா, உன் வூடு மாதிரி."

"இந்த ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வரலாமா?"

பாய் சிரித்துக்கொண்டே, "தாராளமா வாயேன்" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் ஸ்கூட்டியின் பின்னாலிருந்து அவள் காதில் கத்திக்கொண்டு வந்தேன். அவர் சும்மா மரியாதைக்குச் சொன்னார், போகக் கூடாது என்றேன். "அவர் பொய் சொன்னாரா?" என்றாள். பொய் இல்லை என்றேன். "அப்ப உண்மைதானே" என்றாள். இவளிடம் என்ன பேசுவது!

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு பம்மலில் பாய் வீட்டுச் சந்தில் போய் நின்றோம். பாய் லுங்கியும் பனியனுமாக பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த மக் அப்படியே பக்கெட்டில் விழுந்தது.

"அய்ய, இன்னா தங்கச்சி, மெய்யாலுமே இட்டாந்துட்டியா!"

உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். எட்டிப் பார்த்த வேகத்திலேயே உள்ளே போய், "ஒரு வார்த்த சொல்லக் கூடாதாய்யா? வூட்ல வெறும் பருப்புதான்யா கீது!" என்று பாயைக் கிழித்தது வாசலுக்குக் கேட்டது. பாய் பின்பக்கமாக ஓடினார். பிரியாணி கடையிலிருந்து வந்தது. இவளுக்கு அதெல்லாம் தெரியவே இல்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்தப் பருப்பையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, கல்யாண ஆல்பம் பார்த்து, மாடியில் பாய் வளர்க்கிற புறாவைக் கையில் வாங்கிக் கொஞ்சி, மாலை வரைக்கும் அங்கேயே இருந்தாள். கிளம்பும்போது பாய் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இத்தினி வருசமா கஸ்டமருங்களாண்ட வா வான்னு சொல்லிகினேதான் கீறேன், தங்கச்சி. ஒருத்தர் வந்ததில்ல. இதான் மொத தபா." சொல்லும்போது அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

சனிக்கிழமைகளில் பள்ளிக்கரணை. தண்ணீர் நிற்கிற அந்தச் சதுப்பில் நாரையும் நீர்க்கோழியும் பார்க்கப் போவாள். முதல் தடவை என்னைக் கூப்பிட்டாள். எனக்குப் போக ஆசைதான். "வேலை இருக்கே" என்றேன். ஸ்கூட்டி கிளம்பிப் போய்விட்டது. நான் கேட் பக்கம் நின்று அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டால் ஒரு தடவை கெஞ்ச மாட்டாளா என்று அன்றைக்கு முழுக்க அவளைத் திட்டினேன். அடுத்த சனிக்கிழமை அவள் கேட்டு முடிப்பதற்குள் "வரேன்" என்றேன். சொன்ன பிறகு எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் அன்றைக்குப் போன மாதிரி சந்தோஷமாக நான் எங்கேயும் போனதில்லை.

மேடவாக்கம் தாண்டி ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டு உட்காருவோம். பெருங்குடிப் பக்கம் குப்பை எரிகிற நாற்றம் மூக்கைத் துளைக்கும். அதற்கு நடுவில் கூழைக்கடா அது பாட்டுக்கு நீந்திக்கொண்டிருக்கும். அவள் மடியில் ஆபீஸ் வரைபடம் எதையாவது விரித்து வைத்திருப்பாள். மூன்று கண்ணாடி வைத்த சன்னல், பனி சரிந்து விழக் கூரைச் சரிவு என்று நான் விரலால் தடவித் தடவிக் கேட்பேன்.

"உனக்கு வேலைக்குப் போகணுமா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"போகணும்" என்றேன். அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அத்தைக்குப் பிடிக்காது என்றும் சொன்னேன்.

"அவங்ககிட்ட கேட்டியா?"

"கேக்கல. எனக்குத் தெரியும்."

அவள் பறவையைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னையே பார்த்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அத்தை கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மாமா பேப்பரில். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் இறங்கி வந்தாள். தலையை வாரி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, பெண் பார்க்க வந்தவள் மாதிரி நடுக்கூடத்தில் நின்றாள். ஆபீஸில் வரைவதற்கு ஓர் ஆள் எடுக்கிறார்கள், என்னை அனுப்புவார்களா என்று அத்தையைப் பார்த்துக் கேட்டாள். இதில் மறைக்க என்ன இருக்கிறது, எல்லார் முன்னாலும் கேட்பதுதான் நியாயம் என்று அவளுக்கு நினைப்பு. மாமா அதை வரி விடாமல் அத்தைக்குத் தமிழில் சொன்னார்.

அத்தை கீரையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"எனக்கென்ன, அவ இஷ்டம்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "உனக்கு இஷ்டமா?"

படிக்கிறவர்களே, அந்த இடத்தில் ஒரு மருமகள் என்ன சொல்வாள்? ஆமாம் என்று குதிப்பாளா? "இல்ல, வேணாம். பாப்பா சின்னவ, வீட்ல வேலை இருக்கு" என்றேன். இது இப்படித்தான் ஆரம்பிக்கும். நான் வேண்டாம் என்பேன். யோசிச்சுப் பாரேன் என்று அவள் சொல்வாள். "போயேன்டி, அப்படி என்ன வீட்டு வேலை தலைக்கு மேல இருக்கு?" என்று அத்தை சொல்வார். எப்படி அத்தை என்று நான் இழுப்பேன். மாமா நடுவில் வருவார். கடைசியில் நீங்க சொன்னா சரி என்று முடியும். எங்கள் வீட்டில் ஒரு புடவை எடுப்பதுகூட அப்படித்தான் நடக்கும்.

"சரி" என்றாள் அவள். குட் நைட் சொன்னாள். படியேறிப் போய்விட்டாள்.

அத்தையின் கை கீரை மேல் அப்படியே நின்றது. மாமா பேப்பரை இறக்கி வாசல் பக்கம் பார்த்தார். நான் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தேன்.

அந்த வாரம் முழுக்க ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். தயிர் கொடுக்க, தபால் கொடுக்க, மோட்டார் போட்டாச்சா என்று பார்க்க. அத்தை முன்னால் சொன்னது வேறு, தனியாக இருக்கும்போது கேட்பாள் என்று நினைத்தேன். அவள் பறவை பற்றிப் பேசினாள். புதிதாக ஒரு தாழ்ப்பாளைக் காட்டினாள். நான் கீழே வந்தால், "மாடிப் பொண்ணு ஏதாச்சும் சொன்னாளா?" என்று அத்தை கேட்பார். வேவு பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு, ஒண்ணும் சொல்லலை அத்தை என்பேன்.

அடுத்த ஞாயிறு என் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே அத்தை வெடித்தார்.

"என்னடி பொண்ணு அவ? கேட்டா, கேட்டதோட போயிட்டா. இன்னொரு தடவை கேட்டா வாய் வலிச்சிடுமா? நானா மாடியேறிப் போய், என் மருமகளை வேலைக்கு எடுத்துக்கோன்னு சொல்லணும்?"

எனக்குக் காது சரியாகத்தான் கேட்டதா என்று சந்தேகம். "அத்தை, நான் போறது உங்களுக்குச் சரியா?"

"சரியில்லாம என்ன? பாப்பாவ காலைல மாமா விட்ருவாரு, மதியம் நான் போய்க் கூட்டியாந்துடுவேன். இந்தக் காலத்துல படிச்ச பொண்ண வீட்ல வெச்சு ஊறுகாயா போடறது? உன் வீட்டுக்காரன்கிட்டயும் வெள்ளிக்கிழமை போன்ல சொல்லிட்டேன். நீங்க சரின்னா சரிம்மான்னுட்டான்."

"அப்ப அன்னிக்கு ஏன் அவ இஷ்டம்னு சொன்னீங்க?"

"நீ ஏன்டி வேணாம்னு சொன்ன?"

நானும் அத்தையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இரண்டு பேரும் ஒரு வாரமாக அவளுடைய இரண்டாவது கேள்விக்குக் காத்துக்கொண்டிருந்திருக்கிறோம். பாதி பின்னிய ஜடையோடு பாப்பா எழுந்து ஓடிவிட்டாள். நான் மாடிக்கு ஓடினேன்.

கதவு திறந்துதான் இருந்தது. மூச்சு வாங்க, "நான் வரேன். வேலைக்கு வரேன். அத்தை சரின்னுட்டாங்க" என்றேன்.

அவள் முகத்தில் முதலில் ஒரு சந்தோஷம் வந்தது, உடனே வடிந்துவிட்டது. மேடவாக்கத்திலிருந்து ஒரு பெண்ணை எடுத்துவிட்டார்களாம். புதன்கிழமையே சேர்ந்துவிட்டாளாம்.

"நீ வேணாம்னு சொன்னியே?" என்றாள்.

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அத்தை முன்னால வேற எப்படிச் சொல்றது? நீ இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்ல? உனக்குத்தான் என் ஆசை தெரியுமே!" நான் கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவள் படுக்கை விளிம்பில் உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "தெரியும். அதனாலதான் கேட்டேன். நீ வேணாம்னதும், நீ மனசை மாத்திக்கிட்டதா நினைச்சேன். இந்த வீட்ல நீ சொல்றதை யாரும் அப்படியே எடுத்துக்கறதில்ல. பசிக்கலன்னா சோறு போடறாங்க. தூக்கம் வருதுன்னா வேலை சொல்றாங்க. நான் ஒருத்தியாவது உன் வார்த்தையை மதிக்கணும்னு நினைச்சேன்."

எனக்கு அழுகைதான் வந்தது. அவளும் அழுதாள்.

வேறு இடம் இருக்கிறதா என்று ஆபீஸில் கேட்டுப் பார்த்தாள். மறுநாள் வந்து, இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றாள். இன்னொரு தடவை கேட்டுப் பாரேன் என்றேன். "இல்லைன்னு சொல்லிட்டாங்களே" என்றாள், ஒன்றும் புரியாமல். நான் தலையில் அடித்துக்கொண்டு கீழே வந்தேன்.

அதற்குப் பிறகும் பல்லாவரம் போனோம், பள்ளிக்கரணை போனோம். முன்பு மாதிரியே பேசினோம், சிரித்தோம். ஆனால் அவள் மடியில் வரைபடத்தை விரிப்பதை விட்டுவிட்டாள். நானும் கேட்கவில்லை. அப்புறம் எனக்கு வேலை அமையவே இல்லை. என் கணவர் ஊருக்கு வந்தார், இரண்டாவது குழந்தை பிறந்தது, நான் படித்த சாஃப்ட்வேர் பழசாகிப்போனது. இப்போதும் யாராவது புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டால், நான் பார்ப்பது சன்னல் எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான். வயிறு எரியும். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

அவள் ஊருக்குப் போன அன்று காலையில் வாடகை கார் வாசலில் நின்றது. அத்தை முறுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். மாமா பெட்டிகளைத் தூக்குகிறேன் என்று டிரைவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாரிடமும் சொல்லிவிட்டு அவள் கடைசியாக என்னிடம் வந்தாள். தெருவில் கற்றுக்கொண்ட தமிழில் கேட்டாள்.

"என் மேல கோவமா?"

"சேச்சே, இல்ல" என்றேன்.

தலையாட்டிவிட்டுக் கார் வரைக்கும் போனாள். கதவைத் திறந்தவள், மூடிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"நெஜமா? கோவம் இல்லையா?"

ஒன்றரை வருடத்தில் அவள் என்னிடம் ஒன்றை இரண்டாவது தடவை கேட்டது அதுதான் முதல் முறை. எங்களுக்காக, எனக்காக, அதைக் கற்றுக்கொண்டிருக்கிறாள். நமக்கு ரொம்ப வேண்டியவர்களிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்வோமே, அப்படிச் சொன்னேன்.

"ஆமா. கோவம்தான்."

அப்படிச் சொன்னால் நம் ஊரில் என்ன செய்வார்கள்? மோவாயைப் பிடித்துத் திருப்புவார்கள். என்னடி கோவம் என்று கட்டிக்கொள்வார்கள். நானும் அழுது, நீ போறதுதான் கோவம், உன் மேல எனக்கு என்னடி என்று சொல்லியிருப்பேன். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டே நின்றேன்.

"சரி" என்று அவள் குரல் கேட்டது. கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்த்து, கேட்டைத் தாண்டி ஓடுவதற்குள் வண்டி கேம்ப் ரோடு பக்கம் வளைந்துவிட்டது.

கொஞ்ச நாள் கழித்து பிரவுசிங் சென்டருக்குப் போய், அவள் கொடுத்திருந்த ஆபீஸ் முகவரிக்கு மெயில் போட்டேன். அந்த முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது. வேலையை மாற்றிக்கொண்டுவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். இப்போது அவளுக்கும் குழந்தை குட்டி என்று ஆகியிருக்கும். நான் அவள் மேல் கோபமாகத்தான் இருக்கிறேன் என்று இன்னமும் நினைத்துக்கொண்டிருப்பாள். நான் சொன்னதை அவள் ஒருத்திதான் அப்படியே நம்புவாள்.